இது பாட்டு கேசட் இல்லைங்க

விசாரித்து உண்மையைக் கண்டுபிடிப்பதுகூடச் சுலபம். அதைக் கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்று கண்டுபிடிப்பது இருக்கிறதே, அதற்கு இன்னொரு விசாரணை வேண்டும்.

நீங்கள் ஒன்று சொல்ல, எதிரில் இருப்பவர் காதில் வேறொன்று போய் விழுந்து, அதற்கும் நீங்களே பதில் சொல்லி அவதிப்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கஸ்டமர் கேரில் வேலை பார்த்தவர்கள், கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர்கள், ஸ்டேஷனில் ரயில் அறிவிப்புச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கு. தாம்பரத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடும் ஒரு வாரப் பத்திரிகையில் நான் நிருபர். நிருபர் என்றால் டியூஷன் விளம்பரங்களுக்கும் லேடீஸ் ஹாஸ்டல் விளம்பரங்களுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடத்தை நிரப்புகிறவள். மேற்குத் தாம்பரத்தில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்த ரஹீம் அண்ணா எனக்குப் பழக்கம். வெளிநாடுகளில் ஒரு விஷயத்தைத் துருவித் துருவி விசாரித்து, பகுதி பகுதியாகப் பேசிப் பதிவு செய்து இண்டர்நெட்டில் போடுகிறார்கள், அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் என அவர்தான் ஒருநாள் சொன்னார். "நம்மகிட்ட மைக் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, நீ இருக்க. வேற என்ன வேணும் ஷீலா?" என்றார். என்ன வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. ‘கொஞ்சம் கேளுங்க’ என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

லலிதா வந்த நாள்

பம்மலிலிருந்து லலிதா எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தது ‘காணவில்லை’ விளம்பரம் கொடுக்க. கணவர் தனசேகரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை மேஜையில் வைத்தார். தனசேகர் பம்மலில் ஒரு சின்னத் தோல் பட்டறையில் வேலை. தோலைச் சுருக்கமில்லாமல் அழுத்தித் தரும் பெரிய ரோலர் மெஷினை ஓட்டுகிறவர். ஒருநாள் மதியம் கரண்ட் போய் மெஷின் நின்றது. உள்ளே சிக்கிய தோலை எடுக்க, கூட வேலை செய்த பாஸ்கர் கையை விட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. பாஸ்கருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அன்று சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த தனசேகர், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று லலிதாவிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். மூன்று வாரம் ஆகியிருந்தது. போலீசிலும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

இரண்டு அங்குல விளம்பரத்தில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது. அவரை ரஹீம் அண்ணாவின் சென்டருக்கு அழைத்துப் போனேன். உங்கள் குரலிலேயே நடந்ததைச் சொல்லுங்கள், நாங்கள் மற்றவர்களிடமும் விசாரித்துச் சேர்க்கிறோம், பலபேர் கேட்பார்கள், யாருக்காவது ஏதாவது தெரிந்திருக்கும் என்று விளக்கினேன். அது பாட்காஸ்ட் என்றும் சொன்னேன். லலிதா மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாட்டு கேசட்டாம்மா? அவருக்குப் பாட்டெல்லாம் பிடிக்காதே."

மெமரி கார்டில் ஏறியது

முதல் பகுதியை இண்டர்நெட்டில் போட்டோம். ஒரு வாரத்தில் பதினோரு பேர் இறக்கிக் கேட்டிருந்தார்கள். அதில் நான்கு தடவை நான், மூன்று தடவை ரஹீம் அண்ணா. பம்மலில் யார் வீட்டில் இண்டர்நெட் இருக்கிறது என்ற எளிய கேள்வியை நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆனால் ரஹீம் அண்ணாவின் சென்டருக்கு வேறொரு வியாபாரம் இருந்தது. செல்போன் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. அவர் ஒவ்வொரு கார்டிலும் நாற்பது பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டு எங்கள் பகுதியைச் சேர்த்து ஏற்றிவிட்டார், கேட்காமலே. கார்டிலிருந்து கார்டுக்கு, போனிலிருந்து போனுக்கு அது தானாகப் பரவியது. இரண்டாவது பகுதி வந்தபோது குரோம்பேட்டை வரை போய்விட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சென்டரின் போன் நம்பரைச் சொல்லியிருந்தோம். முதல் அழைப்பு வந்தபோது நாங்கள் இருவரும் ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றோம். எதிர்முனையில் ஒரு பெண். பொறுமையாக, நல்ல மரியாதையோடு பேசினார்: "உங்க கடையில கார்டு ஏத்தினேன். முப்பத்தொம்பது பாட்டு நல்லா பாடுது சார். ஒண்ணு மட்டும் பேசிக்கிட்டே இருக்கு, அதை மாத்திக் குடுப்பீங்களா?"

ஷேர் ஆட்டோவில் நான் இல்லாத நான்

மூன்றாவது பகுதி பாஸ்கரின் பேட்டி. "தனா மேல எனக்கு இன்னா கோவம் மேடம்? நான்தான கைய வுட்டேன்" என்று அவர் சொன்னதை அப்படியே வைத்திருந்தோம். அது பரவிய வாரம், பல்லாவரத்திலிருந்து பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஸ்பீக்கரில் ஒரு குத்துப்பாட்டு முடிந்தது. அடுத்து என் குரல் வந்தது. பஸ்ஸில் யாரோ உங்கள் டைரியை எடுத்து உரக்கப் படித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தேன்.

ஆட்டோவில் எட்டுப் பேர். ஒருவர்கூட "பாட்டை மாத்து" என்று சொல்லவில்லை. டிரைவரின் போனில் பகுதிகள் வரிசை மாறிக் கிடந்தன. மூன்றாவது பகுதி முடிந்து முதல் பகுதி வந்தது. பூக்கூடையோடு இருந்த அம்மா, "காணாம பூட்டான்னாங்க, இப்ப வூட்லேர்ந்து வேலைக்குக் கெளம்பறான்னு சொல்றாங்களே, வந்துட்டானா?" என்று கேட்டார். ஒருவர் வந்துவிட்டார் என்றார். இன்னொருவர், இது வேறு ஆள், அண்ணன் தம்பியாக இருக்கும் என்றார். விளக்கிவிடலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் டிரைவர் தலையைத் திருப்பாமல், எல்லாம் தெரிந்தவர் தோரணையில் சொன்னார்: "அதெல்லாம் இல்லக்கா. பேசிக்கினே கீதே, ஷீலான்னு ஒரு பொண்ணு, அதான் அவனோட மொத சம்சாரம்."

இருமல்

டீக்கடை முனுசாமி எங்களுக்கு உபகாரம் செய்யப் போய் மாட்டிக்கொண்டவர். ஆஸ்பத்திரிக்கு எதிரில் அவர் கடை. காணாமல் போன அன்று தனசேகர் அங்கேதான் டீ வாங்கியிருக்கிறார், பாதி குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை இரண்டாவது பகுதியில் முனுசாமி சொன்னார். "எந்தப் பக்கம் போனார் அண்ணா?" என்று நான் கேட்டேன். அவர் இருமினார். பிறகு, "ஸ்டேஷன் பக்கமா போனாப்ல" என்றார். ரஹீம் அண்ணா அந்த இருமலை வெட்டியிருக்கலாம். இயல்பாக இருக்கட்டும் என்று நான்தான் விடச் சொன்னேன்.

அந்த ஒரு இருமலை வைத்து ஊர் முடிவு கட்டிவிட்டது. பதில் சொல்வதற்கு முன் ஏன் இருமினான்? என்ன மறைக்கிறான்? சென்டருக்கு வந்த அழைப்புகளில் பாதி இதுதான். அவர் கடைக்குக் கூட்டம் வந்தது. டீ குடிக்க இல்லை, அவரைப் பார்க்க. இருவர் பாய்லருக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், "அவனை என்னய்யா பண்ணின?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். முனுசாமியின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள் என்று கேள்விப்பட்டு நாங்கள் ஓடினோம்.

மன்னிப்புக் கேட்டோம். மூன்று நிமிடத்துக்குத் தனியாக ஒரு பதிவு செய்து, முனுசாமிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லி எல்லாக் கார்டிலும் ஏற்றினோம். அதற்குப் பிறகு சந்தேகம் இரண்டு மடங்கானது. சம்பந்தம் இல்லாதவனுக்கு எதற்கு இவ்வளவு தூரம் வக்காலத்து என்று கேட்டார்கள். இரண்டாம் தடவை நாங்கள் போனபோது முனுசாமி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கடை வாசலில் போகும் லாரிகளைக் காட்டினார். "பதினைஞ்சு வருஷமா இந்தத் தூசில நிக்கறேன் மேடம். இப்பெல்லாம் இருமல் வந்தா ஆள் யாராவது பாக்கறானான்னு பாத்துட்டு இருமறேன்."

யார் கொன்றது?

சேலையூரிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் தினமும் சரியாகக் காலை பதினொன்றுக்குப் போன் செய்வார். தான் யாரிடமும் சொல்லப் போவதில்லை, வயதானவன், அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிற பொறுமை இல்லை, ஆகவே தனக்கு மட்டும் கடைசியைச் சொல்லிவிடும்படி கேட்பார். கடைசி எங்களுக்கே தெரியாது சார் என்பேன். சிரிப்பார். சீரியலில் நடிப்பவர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்பார்.

நாலாவது பகுதியில் பட்டறை மேற்பார்வையாளர் பேசியிருந்தார். கரண்ட் போனதும் மெயின் சுவிட்சை அணைப்பது தனசேகரின் வேலை, அவர் மறந்துவிட்டார், பயந்து ஓடிவிட்டார், அவ்வளவுதான் என்றார். அதைக் கேட்டுவிட்டு வாத்தியார் கூப்பிட்டு, "சரி, சொல்லும்மா. யார் கொன்னது?" என்றார். யாரும் கொல்லவில்லை சார், அவரைக் காணவில்லை, அவ்வளவுதான் என்று ஐந்தாவது முறையாகச் சொன்னேன். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது: "அப்ப எதுக்கும்மா பின்னாடி அந்த மாதிரி மியூசிக் போட்டீங்க?"

இதை நான் சிரித்துக்கொண்டே லலிதாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் நாலு பகுதியும் கேட்டதாகச் சொன்னார். ரஹீம் அண்ணா எங்கிருந்தோ தேடி எடுத்த வயலின் இசை அது, லலிதா பேசும்போதெல்லாம் பின்னால் இழுக்கும். அன்று சாயங்காலமே நாங்கள் அதை எல்லாப் பகுதியிலிருந்தும் எடுத்துவிட்டோம். லலிதா என்னிடம் கேட்டது இது: "உங்களுக்கு ஏதோ தெரிஞ்சு, என்கிட்ட சொல்லாம மியூசிக்கா போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். ஒண்ணும் இல்லதானே?"

ஒரு சுவிட்சுக்காகவா?

அதற்கடுத்த வாரம் சென்டருக்கு ஒருவர் வந்தார். பாட்டு ஏற்ற வந்தவர் என்று நினைத்து ரஹீம் அண்ணா கையை நீட்டி கார்டைக் கேட்டார். அவர் கார்டு கொண்டுவரவில்லை. பெயர் ஞானம், எலக்ட்ரீஷியன். பட்டறைகளுக்கு வேலை செய்கிறவர். ஷேர் ஆட்டோவில் பாஸ்கரின் பேட்டியைக் கேட்டாராம். கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மைக் எங்கே என்று அவரே கேட்டார்.

அவர் சொன்னதை எளிமையாகச் சொல்கிறேன். அந்த மாதிரி மெஷினுக்கு ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. கரண்ட் போனால் அது தானாக விழுந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும், ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். அதனால் கரண்ட் போனதும் மெயின் சுவிட்சை அணைக்கிற பழக்கமே அங்கே யாருக்கும் கிடையாது, தேவையும் இல்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஸ்டார்ட்டர் எரிந்துபோனது. புதுசு வரும்வரை வேலை நிற்கக் கூடாது என்று மேலிருந்து சொன்னார்கள். ஞானம் அதைத் தாண்டி மெஷினுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தார். ரெண்டு நாளைக்குத்தான் என்றார்கள். மெஷின் ஓட்டுகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை, விபத்து நாள் வரை வேலை நடுவில் கரண்ட் போகவும் இல்லை. "தனா மறக்கல மேடம். அவனுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் டைரக்ட் குடுத்தேன். நான்தான் சொல்லியிருக்கணும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஞானம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வார்த்தையைச் சரிபார்க்க எங்களுக்குப் பத்து நாள் ஆனது. வேறு இரண்டு எலக்ட்ரீஷியன்களைக் கேட்டோம். பாஸ்கரைக் கேட்டோம். மேற்பார்வையாளரைத் திரும்பப் பார்த்தோம், அவர் பேச மறுத்தார், மறுத்ததையும் சொன்னோம். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலை அந்த ஐந்தாவது பகுதி. கொலை இல்லை, கடத்தல் இல்லை, கள்ளக்காதல் இல்லை, வயலினும் இல்லை. ஊரில் அது பரவவே இல்லை. கார்டு ஏற்ற வந்த ஒருவரிடம் புதுப் பகுதி வந்திருக்கிறது என்று ரஹீம் அண்ணா ஆசையாகச் சொன்னார். அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தார். "எடுத்துட்டேன் பாய், அந்த எடத்துல ரெண்டு பாட்டு போட்டுக்கினேன். அஞ்சு பார்ட்டு இழுத்து கடைசில ஒரு சுவிட்சுன்றீங்களே, பேஜாரா கீது."

நாவலூரிலிருந்து ஒரு நேயர்

ஐந்தாவது பகுதி வந்து இரண்டு வாரம் இருக்கும். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சென்டரில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். ஓர் ஆண் குரல். மெதுவாகப் பேசினார். நாவலூரில் ஒரு அபார்ட்மெண்ட்டில் செக்யூரிட்டியாக இருப்பதாகவும், கூட வேலை செய்கிறவரின் போனில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டதாகவும் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் கேட்டாராம். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை. வரிசையாகக் கேட்ட ஒரு நேயரை அதுவரை நான் சந்தித்ததே இல்லை. சந்தோஷமாக நன்றி சொன்னேன்.

"முதல் பார்ட்ல, காணாமப் போனப்ப நீல சட்டை போட்டிருந்தாருன்னு சொல்றாங்க மேடம். நீலம் இல்ல. பச்சைக் கட்டம் போட்டது" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டு ஏற்கெனவே மூன்று பேர் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் தனசேகரைத் திருப்பதியில் பார்த்தவர், இன்னொருவர் கனவில் பார்த்தவர். அதனால் நான் பேப்பரை இழுத்து, சலிப்போடு, நீங்கள் அவரை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் தன் பேச்சையே தொடர்ந்தார். "நாலோட நிக்குது. அவர் மறந்துட்டாரு, ஓடிட்டாருன்னு அந்த சூப்பர்வைசர் சொல்றதோட முடியுது. அதுக்கப்புறம் இருக்கா மேடம்?" என்று கேட்டார். என் கையிலிருந்த சாதம் காய்ந்துபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரஹீம் அண்ணாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வைத்துவிடுவார் என்று பயம். ஐந்தாவது பகுதியைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்பீக்கருக்கு நேராக ரிசீவரைப் பிடித்துக்கொண்டோம். இருபத்திரண்டு நிமிடம். நடுவில் யார் யாரோ வந்து ப்ரௌசிங்குக்கு இடம் கேட்டார்கள், ரஹீம் அண்ணா வாயில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பினார். முடிந்ததும் ரிசீவரைக் காதில் வைத்தேன். லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். இருந்தார். "ஞானம் பேசற எடத்தை மட்டும் இன்னொரு தடவை போடறீங்களா மேடம்? ‘தனா மறக்கல’ன்னு சொல்றாரே, அந்த எடம்."

ஒரு கேள்வி, பதில் இல்லை

மறுபடி போட்டோம். அதற்குப் பிறகுதான் அவர் தன் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, மெஷின் தானாக எப்படி ஓடியது, மெயின் சுவிட்சை நான் அணைத்திருக்க வேண்டுமோ என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றியது, பாஸ்கரின் அம்மா எதிரில் வருவதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டேன் என்றார். கால் போன போக்கில் பஸ் ஏறியிருக்கிறார். தான் இருக்குமிடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? நாலு மாதமாக ஒரு மனிதரைத் தேடி ஊரெல்லாம் குரல் கொடுத்திருக்கிறோம். அவர் கிடைத்ததும் அவரோடு சேர்ந்து அவரை ஒளித்துவைக்க ஒப்புக்கொண்டேன். இப்போது யோசித்தாலும் நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

ரஹீம் அண்ணாவும் நானும் அரைமணி நேரம் சண்டை போட்டோம். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்றார் அவர். லலிதாவுக்குத் தெரியாமல் இருப்பது பாவம் என்றேன் நான். கடைசியில், உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் சொல்வது, இடத்தைச் சொல்வதில்லை என்று முடிவானது. பம்மல் போய்ச் சொன்னேன். லலிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன், இல்லை. எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன், அதுவும் கேட்கவில்லை. அவர் எப்படிக் கண்டுபிடித்தோம் என்றுதான் கேட்டார். நம் நிகழ்ச்சியை அவரே கேட்டுவிட்டுக் கூப்பிட்டார் என்றேன். லலிதாவின் முகம் மாறியது. "மொத பார்ட்டையும் கேட்டாரா? அதுல நான் அவ்ளோ அழறேனே, அதைக் கேட்டும் இன்னும் மூணு பார்ட்டு கேக்கற வரைக்கும் பேசாம இருந்தாரா?"

பாஸ்கர் போனது

மறுநாள் தனசேகர் திரும்பவும் கூப்பிட்டார். லலிதா கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். முதல் பகுதியைத்தான் அதிகத் தடவை கேட்டதாகச் சொன்னார். கேட்கக் கேட்கத் திரும்பிப் போகிற முகம் தனக்கு இல்லை என்று தோன்றியதாம். பிறகு, பாஸ்கரிடம் மட்டும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லலாம் என்றார். அவன் திட்டினால் திட்டட்டும், அதைக் கேட்டுக்கொண்டால் போதும் என்றார்.

பாஸ்கருக்குச் சொன்ன அடுத்த நிமிடம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன். தாம்பரம் வந்து, வேளச்சேரி வழியாக இரண்டு பஸ் மாறி, பழைய மகாபலிபுரம் சாலையில் இறங்கினோம். கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டின் வாசல். பெரிய தொப்பி, தொளதொளவென்று சீருடை, கேட்டுக்கு அந்தப் பக்கம் தனசேகர் நின்றிருந்தார். போட்டோவில் இருந்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார். வருகிறவர் பெயர் எழுதும் நோட்டு அவர் கையில் இருந்தது. பாஸ்கரின் வலது கையைப் பார்த்தவர் பார்வையை எடுக்க முடியாமல் நின்றார். கேட்டைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. பையில் ரெக்கார்டர் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பாஸ்கர் அந்தக் கையாலேயே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னா தனா, தொற. இன்னும் ஏழு வெரலு கீது, டீ கிளாஸ் புடிக்க அது போதும்."

ஆறாவது பகுதி

தனசேகர் அந்த வாரக் கடைசியில் பம்மலுக்கு வந்தார். லலிதா பத்து நாள் அவரோடு பேசவில்லை என்றும், பதினோராம் நாள் திட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை என்றும் பாஸ்கர் சொன்னார். பிறகு இருவரும் நாவலூர்ப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பட்டறையில் புது ஸ்டார்ட்டர் போட்டார்கள். எங்களால்தான் போட்டார்கள் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முனுசாமி கடைக்கு தனசேகரே ஒருநாள் போய் நின்று, எல்லோரும் பார்க்க ஒரு டீயை முழுசாகக் குடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அங்கே வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை.

ஆனால் தங்கள் விஷயத்தை இனிமேல் பேச வேண்டாம் என்று லலிதா கேட்டுக்கொண்டார். இதுவரை பேசியது போதும், மிச்சம் எங்களுடையது என்றார். நியாயமான பேச்சு. (இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதுகூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.) அதனால் ஆறாவது பகுதி வரவே இல்லை. அடுத்த இரண்டு வருஷம், யார் யாரோ சென்டருக்குப் போன் செய்து முடிவைக் கேட்டார்கள். ஒரு சிலர் கோபமாகவே கேட்டார்கள். கொடுத்த வாக்கு இருந்ததால், முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்வோம், எப்படி என்று சொல்ல மாட்டோம். வாத்தியாருக்கு மட்டும், அவர் நல்லபடியாக இருக்கிறார் சார் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. நாலு பக்கத்தில் ஒரு முடிவை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினார். அதில் தனசேகர் துபாயில் இருந்தார். கீழே ஒரு வரி: "உங்களுக்கு முடிக்கத் தெரியவில்லை என்பதால் நானே முடித்திருக்கிறேன், அடுத்த முறை முதலிலேயே என்னைக் கேட்கவும்."

கேட்டவர்கள் எல்லாம் முன்பின்னாகவும் அரைகுறையாகவும் கேட்டுக் குழம்பிய எங்கள் நிகழ்ச்சியை வரிசையாக, கவனமாக, கடைசிவரை கேட்ட ஒரே நேயரைத்தான் நாங்கள் ஐந்து பகுதியாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உறுதியாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை.